அந்த 48,000 ரூபாவில் கை வைக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, நான் கொக்குவிலில் இருக்கிறேன். காலையில் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், பின்னேரம் நேரம் கிடைக்கும். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு மிஸ்டரி ஷொப்பர் தேவை, கடைகளுக்கு வாடிக்கையாளர் மாதிரிப் போய் வந்து அறிக்கை எழுதினால் கடைக்கு 4,000 ரூபா என்று ஒருவர் வட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் 3,500 ரூபா கட்ட வேண்டுமாம். பக்கத்து வீட்டு அக்கா கட்டினவ, அவவுக்கு 2,000 ரூபா வந்துவிட்டது. நானும் கட்டலாமா? இந்த வருமானத்துக்கு வரி உண்டா? முதல் வேலையாக நேற்று என் கணக்கில் 48,000 ரூபா போட்டிருக்கிறார்கள். 4,000 ரூபாவை நான் வைத்துக்கொண்டு மிச்சத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்பி, வங்கியின் சேவை எப்படி என்று எழுதச் சொல்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னதை நான் முதலில் எடுக்கிறேன். அந்த 48,000 ரூபாவில் கை வைக்க வேண்டாம். அனுப்பவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். உங்கள் பங்கு என்று அவர் சொல்லும் 4,000 ரூபாவும் அப்படியே கிடக்கட்டும். 3,500 ரூபாவுக்கு உங்களை நம்பாமல் முற்பணம் கேட்ட மனிதர், முகம் கூடத் தெரியாத உங்களிடம் 48,000 ரூபாவை எப்படி நம்பிக் கொடுத்தார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அது பெரும்பாலும் இன்னொருவரிடம் ஏமாற்றி எடுத்த காசு. வவுனியாவிலோ காலியிலோ ஒருவர், வீட்டு வாடகைக்கு முற்பணம் என்றோ பரிசு விழுந்திருக்கிறது என்றோ நம்பி, உங்கள் கணக்கு இலக்கத்துக்குக் கட்டியிருப்பார். நாளைக்கு அவர் பொலிசுக்குப் போனால் அவர் கையில் இருக்கும் துண்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். வட்ஸ்அப் ஆள் அதற்குள் சிம்மைக் கழற்றி எறிந்திருப்பார். களவுக் காசை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவது 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம்தான், ஆனால் அதை எத்தனை பேரிடம் எத்தனை மாதம் சொல்ல வேண்டும் என்பது வேறு கதை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் இப்படி மாட்டினான். கணக்கை முடக்கிவிட்டார்கள், அதற்குள் அவனுடைய சம்பளமும் மாட்டிக்கொண்டது. வங்கியில் கேட்டால் பொலிசுக்குப் போ என்றார்கள், பொலிசில் வங்கிக் கடிதம் கொண்டு வா என்றார்கள், வாக்குமூலத்தை அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏமாற்றினவனைப் பிடிக்க ஒருவருக்கும் அவசரம் இல்லை, கணக்குச் சொந்தக்காரன் கொக்குவிலில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறான் அல்லவா, அவனைப் பிடித்தால் போதும்.

ஆகவே நாளைக்குக் காலையில் வங்கி திறந்தவுடன் அடையாள அட்டையோடு உங்கள் கிளைக்குப் போய், எனக்குத் தெரியாத காசு வந்திருக்கிறது, திருப்ப வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம். வட்ஸ்அப் செய்திகள் ஒன்றையும் அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். பொலிசில் ஒரு முறைப்பாடு போடுங்கள், தமிழில் எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இணைய மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் காசை அனுப்பாவிட்டால் அந்த ஆள் குரலை மாற்றுவார். “தவறுதலாகப் போட்டுவிட்டேன் மிஸ், என் வேலை போய்விடும், இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கோ” என்று அழுவார். அவர் தரும் கணக்கு, காசு வந்த கணக்காக இருக்காது. திருப்புவதானால் வங்கிதான் திருப்ப வேண்டும். உங்கள் விரல் அதில் படக் கூடாது.

இதே விளையாட்டைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் காசோலை வைத்துச் செய்கிறார்கள். தபாலில் காசோலை வரும், வங்கியில் போட்டால் இரண்டு மூன்று நாளில் காசு கணக்கில் தெரியும், அதில் பரிசு அட்டை வாங்கி இலக்கத்தை அனுப்பச் சொல்வார்கள், சில கிழமை கழித்துக் காசோலை பொய் என்று திரும்பி வரும்போது முழுத் தொகையும் உங்கள் தலையில். ஸ்காபரோவில் மச்சாள்மார் இருந்தால் சொல்லி வையுங்கள்.

சரி, இப்போது 3,500 ரூபாவுக்கு வருவோம். கட்ட வேண்டாம். நான் பதினாறு வருடம் சந்தை ஆய்வுக் களவேலையில் இருந்தவன். வங்கிக் கிளை, தொலைபேசிக் கொம்பனிக் கடை, பெற்றோல் செட் என்று ஆட்களை அனுப்பி அறிக்கை வாங்கியிருக்கிறேன். ஒருவரிடமும் பதிவுக் காசு வாங்கியதில்லை. அடையாள அட்டை என்பது அதைவிடப் பெரிய பகிடி. வாடிக்கையாளர் மாதிரி நடித்து உளவு பார்க்கப் போகிறவருக்கு எதற்கு அடையாள அட்டை? கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போய் வரிசையில் நிற்கவா?

அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் “எனக்குக் காசு வந்தது” என்று நன்றி சொல்லிப் படம் போட்டிருப்பார்களே, அது வேலிக்கு ஓணான் சாட்சி. அதற்குள் “நீங்கள் ஐந்து பேரைச் சேர்த்தால் இணைப்பாளர் ஆகலாம், அவர்களுடைய வேலையில் கொமிசன் வரும்” என்று ஒரு பேச்சும் எப்படியும் வரும். ஆள் சேர்த்துக் காசு பண்ணும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. நடத்துவது மட்டுமல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம்.

இந்த இடைத்தரகர்களால் உண்மையான வேலைக்கும் கெட்ட பெயர். கொழும்பில் ஒரு நிறுவனம் வேலையை எடுக்கும், அதை ஒருவருக்குக் கொடுக்கும், அவர் வடக்குக்கு ஒருவரைப் பிடிப்பார், அவர் யாழ்ப்பாணத்துக்கு ஒருவரைப் பிடிப்பார், ஆளுக்கு ஆள் கிள்ளி எடுத்த பிறகு வெயிலில் அலைந்த பிள்ளைக்கு வருவது பஸ் காசு. அதுவும் மூன்று மாதம் கழித்து. வினாக்கொத்து ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கடையில் தமிழில் நடந்த உரையாடலை ஆங்கிலத்தில் எழுது, பிறகு உன் ஆங்கிலம் சரியில்லை என்று காசில் வெட்டு. நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்தும் ஒன்றும் மாறவில்லை.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “ஒரு சதமும் கொடுக்காதே” என்று நான் சொன்னதைக் கேட்டு நல்ல வேலையைக் கைவிட்ட பிள்ளைகளும் உண்டு. உண்மையான மிஸ்டரி ஷொப்பர் வேலையிலும் உங்கள் காசு முதலில் போகும். சுப்பர் மார்க்கெட்டுக்குப் போய் 1,500 ரூபாவுக்குள் சாமான் வாங்கு, காசாளர் கேட்காமலே பில் தருகிறாரா என்று பார் என்பார்கள். அந்த 1,500 ரூபாவை நீங்கள்தான் கொடுப்பீர்கள், பிறகு கூலியோடு சேர்த்துத் திருப்பித் தருவார்கள். இது மோசடி இல்லை. காசு யாருடைய கைக்குப் போகிறது என்று பாருங்கள்: கடைக்குப் போகிறது, சாமானும் பில்லும் உங்கள் கையில் இருக்கின்றன, வேலை கொடுத்தவருக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. அதே நேரம், கொம்பனி உங்களுக்குத் தர வேண்டியது கடனாக நிற்கிறது, அவர்கள் தராவிட்டால் நட்டம் உங்களுக்கு. ஆகவே எவ்வளவு வரைக்கும் திருப்பித் தருவார்கள், எத்தனை நாளில், பில் இல்லாவிட்டால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகே கடைப்பக்கம் போங்கள். முதல் வேலையாகவே கைபேசி வாங்கு, ஹோட்டலில் ஒரு இரவு தங்கு என்றால் மாட்டேன் என்று சொல்லுங்கள், சின்னச் சாமானில் அவர்களுடைய நாணயத்தைப் பார்த்த பிறகு யோசிக்கலாம். பில்லை அங்கேயே படம் எடுங்கள். இப்போதைய பில் பெரும்பாலும் சூடு பட்டால் கெட்டுப்போகும் தாள், எங்கள் வெயிலில் ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே கிடந்தால் வாசிக்க முடியாமல் போய்விடும். பில் போனால் 1,500 ரூபாவும் போச்சு. சில நேரம் “இந்தக் கடையின் பொருளை எங்களிடமே காசு கட்டி வாங்கிக்கொண்டு போ” என்று ஒரு திருகல் செய்வார்கள். அப்போது காசு கடைக்குப் போகவில்லை, அவர்களுக்குப் போகிறது, பழைய கள்ளன்தான்.

நல்ல வேலை எப்படித் தெரியும்? முதலில் வினாக்கொத்தும் விளக்கமும் தருவார்கள், மாதிரி அறிக்கை ஒன்று எழுதச் சொல்வார்கள். எத்தனை நிமிடம் வரிசையில் நின்றீர்கள், வணக்கம் சொன்னாரா, பெயர்ப் பட்டி இருந்ததா என்று கண்ணால் கண்டதைக் கேட்பார்கள். “நல்ல மனிதர்” என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எம்.எஸ்.பி.ஏ. என்று இந்தத் தொழிலுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது, அதன் உறுப்பினர்களின் பெயர்களை இணையத்தில் பார்க்கலாம். ஆனால் கள்ளர்களும் அதே பெயர்களைத்தான் சொல்வார்கள். அவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல் நீங்களே தேடிப் போங்கள். வங்கி இரகசிய இலக்கமும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் எந்த வேலைக்கும் தேவைப்படாது.

உங்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது, அதை அந்த ஆள் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் முன்பள்ளி ஆசிரியை. பக்கத்துத் திருநெல்வேலியில் எந்தக் கடைக்குள் போனாலும் “என்ன ரீச்சர் இந்தப் பக்கம்” என்று ஒரு குரல் வரும், அதோடு மர்மம் முடிந்தது. காசாளர் உங்கள் சித்தியின் மகளாக இருந்தால் அவவைப் பற்றிக் குறை எழுத உங்களுக்கும் மனம் வராது, வரவும் கூடாது, அந்த வேலையை எடுக்காமல் விடுங்கள். நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கம் எடுத்தால் முகம் தெரியாது, ஆனால் போக்குவரத்து உங்கள் கணக்கு. பேச்சுக்கு ஒரு வருகைக்கு 1,500 ரூபா கூலி என்று வைத்தால், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 500 ரூபா, போய்வர மூன்று மணித்தியாலம், அறிக்கைக்கு இன்னொன்றரை. உங்கள் நேரத்துக்கு என்ன விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மாதத்தில் நாலைந்து வந்தாலே நல்ல மாதம், சில மாதம் ஒன்றும் வராது. பிள்ளைகளின் ரியூசன் காசை இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வரி பற்றிக் கேட்டீர்கள். 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. முன்பள்ளிச் சம்பளத்தோடு இதையும் கூட்டினாலும் நீங்கள் அதன் பக்கத்தில் கூட வர மாட்டீர்கள்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி. அவ கட்டினது 3,500, கிடைத்தது 2,000. இன்னும் 1,500 ரூபா நட்டத்தில்தான் நிற்கிறா, அந்த 2,000 வந்த சந்தோசத்தில் அது தெரியவில்லை. அந்தக் காசைப் பார்த்துத்தானே நீங்கள் கட்ட நினைத்தீர்கள், அதற்காகத்தான் அதைக் கொடுத்தார்கள். அவவின் கணக்குக்கும் ஏதாவது பெரிய தொகை வந்து போனதா என்று கேளுங்கள், வெட்கத்தில் சொல்லாமல் இருக்கவும் கூடும். வந்திருந்தால் நாளைக்குக் காலையில் வங்கிக்குப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.