முள் இறங்கினால் பயமா, ஏறினால் நல்லதா?

கேள்வி: பழைய படகு ஒன்று வாங்கினேன். அதன் அவுட்போர்டு இன்ஜினுக்கு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்), அதைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் காட்டும் கேஜ் இருக்கிறது. ஐடிலில், அதாவது வேகம் கூட்டாமல் சும்மா ஓடும்போது, முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. வேகம் கூட்டினால் 12 பி.எஸ்.ஐ. வரை ஏறுகிறது. அப்புறம் சட்டென்று இரண்டு மூன்று இறங்கி, மறுபடி ஏறுகிறது. ஓரத்தில் பீச்சும் தண்ணீர் நன்றாகவே வருகிறது. நண்பர் படகில் 20 காட்டுகிறது. என் பம்ப் போய்விட்டதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பம்ப் வேலை செய்கிறது. பயப்பட வேண்டாம்.

பம்ப் இருப்பது கீழே, கியர் பெட்டிக்கு மேலே. இன்ஜினின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டில் மாட்டிய ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் கொண்ட சிறு சக்கரம்), அதன் கூட்டுக்குள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றும்போது இதழ்கள் சுவரை உரசிக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு மேலே தள்ளும். வேகம் கூடினால் இதழ்கள் உள்ளே மடங்கி, தண்ணீரைச் சுழற்றி வீசும். ஐடிலில் கிடைக்கும் அழுத்தம் மிகக் குறைவு. 30 வரை அளக்கும் கேஜில் அது கண்ணுக்கே தெரியாது.

நடுவில் இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இன்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) திறக்கிறது. பல இன்ஜின்களில், வேகம் கூடியதும் திறக்கும் அழுத்த வால்வும் உண்டு. எது திறந்தாலும் தண்ணீருக்கு வழி கூடுகிறது, முள் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) இறங்கினால் அது அழுத்த வால்வின் வேலைதான்.

நண்பரின் 20-ஐ மறந்துவிடுங்கள். அழுத்தம் வேறு, ஓடும் தண்ணீரின் அளவு வேறு. குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள்: உள்ளே அழுத்தம் ஏறும், வெளியே வரும் தண்ணீர் குறையும். இதை நான் நேரிலேயே பட்டிருக்கிறேன். என் இன்ஜினில் முழு வேகத்தில் 14 நின்ற முள், சில மாதங்களில் 18-க்கு வந்தது. நல்ல பம்ப் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் கரைக்குத் திரும்பும் வழியில் சூடு அலாரம் அடித்தது. தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு. பழைய இம்பெல்லரின் இதழ் உடைந்து மேலே ஏறி அங்கே சிக்கியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இம்பெல்லர் மாற்றும்போது கழற்றியதன் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு கிடைக்கும்வரை இன்ஜினைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

ஓரத்தில் பீச்சும் தண்ணீர் ஒரு சிறு கிளை மட்டும்தான். பம்ப் தண்ணீர் தள்ளுகிறது என்று அது சொல்லும்; உள்ளே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறதா என்று சொல்லாது. அது மெலிந்தால் முதலில் கனமான தூண்டில் நரம்பை அந்தத் துளைக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள். சும்மா நிற்கும் படகில் குளவி மண் வைத்து அடைத்துவிடும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பழைய படகு, இம்பெல்லரின் வயது தெரியாது. புதிது போட்டுவிடுங்கள். கூட்டின் உட்சுவரிலும் அடித்தகட்டிலும் விரலை ஓட்டுங்கள்; மணல் கீறிய பள்ளம் நகத்தில் தட்டினால் அதையும் மாற்றுங்கள். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடானதும் 1000, 2000, 3000, 4000 ஆர்.பி.எம்.மில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி, கேஜ் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அந்த எண்களிலிருந்து கீழே போனாலும் மேலே போனாலும் கவனியுங்கள். திருப்பும்போது மட்டும் இறங்கினால் தண்ணீர் எடுக்கும் துளைக்குள் காற்று போகிறது. டிரிம்மை (இன்ஜின் சாய்ந்து நிற்கும் கோணம்) கொஞ்சம் இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஜ்யத்துக்கு விழுந்தால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூக்கிப் பாருங்கள். துளையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: கரையில் ஹோஸ் மாட்டி உப்பு கழுவும்போது முள் அசையவில்லை. வேகம் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஹோஸ் தண்ணீர் ஐடிலுக்குத்தான் போதும். அந்த ரப்பர் இதழ்களுக்கு மசகே தண்ணீர்தான்; காய்ந்து ஓடினால் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். முள்ளைப் படகு தண்ணீரில் இருக்கும்போது பாருங்கள். கழுவும்போது ஓரத்தில் பீச்சும் தண்ணீரில் கை வையுங்கள், வெதுவெதுப்பாக வந்தால் போதும்.