ஆமைக்குஞ்சுகள் வாசல் விளக்கைத் தேடி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கடற்கரையை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். அண்மையில் ஓர் இரவு எங்கள் வாசல் விளக்கடியில் சின்னஞ்சிறு ஆமைக்குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மணலில் இன்னும் பல. கைக்குக் கிடைத்தவற்றைத் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு எடுத்துப்போய்க் கடலில் விட்டோம். சோர்ந்து கிடந்த சிலவற்றை மட்டும், தெம்பு வரட்டும் என்று தொட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து பிறகு விட்டோம். நாங்கள் செய்தது சரியா? மறுபடி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்கிறார்களே, இந்தப் பாடுக்குப் பலன் உண்டா?

பதில்: நல்ல நேரத்தில் கைகொடுத்திருக்கிறீர்கள். விளக்கடியிலேயே விட்டிருந்தால் நாயோ நண்டோ வண்டிச் சக்கரமோ அவற்றை முடித்திருக்கும். ஆனால் இரண்டு விஷயங்களை இனி மாற்றிக்கொள்ள வேண்டும்: தண்ணீர் வாளி, இரண்டு நாள் தொட்டி. அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கேள்வியில் இல்லவே இல்லை. விளக்கை அணைத்தீர்களா?

தாய் ஆமை மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்ப்பதில்லை. அடைகாப்பது மணலின் சூடுதான். பெரும்பாலும் 45 முதல் 60 நாட்களில் முட்டை பொரிகிறது. பொரிந்த குஞ்சுகள் உடனே வெளியே வந்துவிடுவதில்லை. குழியின் மேல்மணலைச் சரித்துச் சரித்துக் காலடியில் தள்ளி, எல்லாமாகச் சேர்ந்து சில நாட்களில் மெல்ல மேலேறுகின்றன. மேற்பரப்பை நெருங்கும்போது மணல் சூடாக இருந்தால் அங்கேயே அசையாமல் காத்திருக்கும். மணல் குளிர்ந்த பிறகே கூட்டமாக வெளியேறும். நாம் அவற்றைப் பெரும்பாலும் இரவில் பார்ப்பது இதனால்தான்.

வெளியே வந்ததும் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். தாழ்வாகவும் வெளிச்சமாகவும் தெரியும் அடிவானத்தை நோக்கிப் போவது, உயரமாக இருண்டு நிற்பதை விட்டு விலகுவது என்ற இயல்போடு அவை பிறக்கின்றன. விளக்கே இல்லாத கரையில் இது தவறுவது அரிது. வானத்து வெளிச்சத்தைக் கடல்பரப்பு பிரதிபலிக்கும். கரைப்பக்கம் மணல்மேடும் செடிகொடிகளும் இருட்டாக இருக்கும். அந்தத் திசையைத் தலைகீழாக்க ஒரேயொரு வெள்ளை எல்.இ.டி. விளக்கு போதும். வெள்ளையும் நீலமும் கலந்த வெளிச்சம்தான் அவற்றை மிக வலுவாக இழுக்கிறது.

அதனால் குஞ்சைத் தொடுவதற்கு முன்பே வாசல் விளக்கு, மாடி விளக்கு, தோட்ட விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். உள்ளறை வெளிச்சம் கடல் பக்கம் கசிந்தால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரையும் எழுப்பிச் சொல்லுங்கள். பிறகு சற்று விலகி நின்று பாருங்கள். மணலில் இருக்கும் குஞ்சுகளில் பலவும் தாமாகவே கடல் பக்கம் திரும்பும். திரும்பியவற்றைத் தொடாதீர்கள். அவை போகும் வழியில் நாற்காலி, கயிறு, பிள்ளைகள் தோண்டிய பள்ளம் இருந்தால் அகற்றிச் சமப்படுத்துங்கள். ஆழமான காலடித் தடம்கூட அவற்றுக்கு ஏற முடியாத குழிதான். நீங்கள் நடக்கும் இடத்தையும் பார்த்துக் கால் வையுங்கள். இருட்டில் மிதிபட்டுச் சாகும் குஞ்சுகள் உண்டு. கைபேசி வெளிச்சம், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

சாலையிலோ திண்ணையிலோ மாட்டிக்கொண்டவற்றை மட்டும் கையில் எடுங்கள். கையைக் கழுவிவிட்டு, அல்லது உறை போட்டுக்கொண்டு, ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்க வேண்டும்; துடுப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஈர மணல் பரப்பிய வாளியில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம். வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து, அலை தொடும் ஈரமணலுக்குச் சில மீட்டர் முன்பே இறக்கிவிடுங்கள். மிச்ச தூரத்தை அவை ஊர்ந்தே போகட்டும். ஊரும்போது பிடித்துக்கொண்ட திசையைப் பூமியின் காந்தப்புலத்தோடு பொருத்திக்கொண்டு, கடலில் இறங்கிய பிறகும் அதே திசையில் நீந்த அவற்றால் முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரையோரத்தில் முதலில் அவற்றுக்கு வழிகாட்டுவது எதிர்வரும் அலை. அலைக்குள் தூக்கி எறிவது எந்த விதத்திலும் உதவியாகாது.

தண்ணீர் வாளி ஏன் கூடாது என்கிறேன்? பிறந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். முதல் சில நாட்களுக்கு அதுதான் அதன் கட்டுச்சோறு. தண்ணீர் பட்டதும் குஞ்சுக்கு ஒரு வேகம் பிறக்கிறது: ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, நிற்காமல், ஆழ்கடலை நோக்கி நீந்தும். மீனும் பறவையும் மொய்க்கும் கரையோரத்தைக் கடக்கத்தான் அந்த ஓட்டம். வாளித் தண்ணீரிலும் அதே வேகம் பிறக்கும். வாளியின் சுவரில் முட்டி முட்டியே சத்து கரையும். தொட்டியில் இரண்டு நாள் கழித்தால் அந்த வேகமே அடங்கிப்போய்விடும். தெம்பு ஏறியிருக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் சத்து குறைந்து மந்தமான குஞ்சைத்தான் அபாயம் மிகுந்த பகுதியில் இறக்கிவிடுகிறோம். குஞ்சுகளைப் பிடித்து வைத்திருந்து, பார்வையாளர்கள் படம் எடுக்க வசதியாக விடிந்த பிறகு வெயிலில் விடும் நிகழ்ச்சிகளை நான் கடுமையாக எதிர்ப்பதும் இதே காரணத்தால்தான். கூட்டத்தின் ஆசைக்காகக் குஞ்சின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

சோர்ந்த குஞ்சாக இருந்தாலும், பகலில் கண்டெடுத்த குஞ்சாக இருந்தாலும் தண்ணீரில் விடாதீர்கள். ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். தலையைத் தூக்க முடியாத குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். ஈரமணல் போட்ட பெட்டியில் வைத்து, காற்று போகும்படி துணியால் மூடி, நிழலான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்கோ ஆமை மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லுங்கள். தீனி போட வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் கடலாமையை அனுமதியின்றிக் கையாள்வதே சட்டப்படி குற்றம் என்பதால், எது நடந்தாலும் முதலில் அவர்களை அழைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. தொலைபேசி எண்ணை இன்றே எழுதி வாசலருகே ஒட்டிவையுங்கள்.

முட்டைகளைப் பற்றியும் ஒன்று. மணல் அரிக்கிறது, நாய் வருகிறது என்று நல்லெண்ணத்தோடு குழியைத் தோண்டி முட்டைகளை இடம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புற உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் அந்தப் பிடிப்பு அறுந்து கரு செத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தால் பொரிந்திருக்காது. இடம் மாற்றுவது பயிற்சி பெற்றவர்கள் உரிய நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்யக்கூடியது காவல்.

முட்டையிடக் கரையேறும் தாயைக் கண்டாலும் அப்படியே நில்லுங்கள். முட்டை இடத் தொடங்கும் வரை அவள் மிகவும் மிரள்வாள். ஒரு வெளிச்சமோ ஒரு பேச்சுக்குரலோ போதும், இடாமலேயே திரும்பிவிடுவாள். அவள் கண்ணில் வழிவது வலியால் வரும் கண்ணீர் இல்லை. உடலில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

இனி அந்த ஆயிரத்தில் ஒன்று கணக்கு. இது தோராயமான மதிப்பீடுதான். இடத்துக்கு இடம் மாறும், இதைவிடக் குறைவாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் கணக்கின் அடிப்படை சரியே. கடலாமை நிறைய முட்டை இட்டு நெடுங்காலம் வாழும் உயிர். கடலில் இறங்கிய குஞ்சு பல ஆண்டுகளை ஆழ்கடலில் மிதக்கும் பாசிகளிடையே கழிக்கும். வளர்ந்த பிறகே பல இனங்கள் கரையோர மேய்ச்சலுக்குத் திரும்பும். பேராமை என்று நாம் சொல்லும் பச்சை ஆமை பருவமடைய 25 ஆண்டுகளுக்கு மேலாகலாம். முதிர்ந்த பெண் ஆமை ஒரு பருவத்தில் சில தடவை முட்டையிடும். பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்டே வரும். இப்படிப் பல பத்தாண்டுகள் முட்டையிட்டால்தான் அவளுக்குப் பதில் ஓர் ஆமை மிஞ்சும். குஞ்சுகள் சாவதைத் தாங்கும்படிதான் இந்த வாழ்க்கை அமைந்திருக்கிறது. வளர்ந்த ஆமைகள் சாவதைத் தாங்கும்படி அமையவில்லை.

1987-இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமைகளைப் பற்றி ஒரு கணக்கை வெளியிட்டார்கள். முட்டைகளை எவ்வளவு காத்தாலும் அது மட்டும் அந்த இனத்தின் வீழ்ச்சியைத் தடுக்காது, கடலில் வளர்ந்த ஆமைகளும் வளரும் ஆமைகளும் சாவதைக் குறைத்தால்தான் மீட்சி என்று அது காட்டியது. கெம்ப் ரிட்லி ஆமையின் கதையும் இதை ஒட்டியதே. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-இல் எடுத்த ஒரு படச்சுருளை வைத்து, ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் கரையேறியதாகப் பின்னாளில் கணித்தார்கள். அந்தக் கரையில் 1966 முதலே காவல் இருந்தது. என்றாலும் 1985-இல் மொத்தம் 702 கூடுகள்தான். முன்பு அள்ளிக்கொண்டு போன முட்டைகளின் இழப்பு ஒரு பக்கம். இறால் பிடிக்கப் படகு இழுத்துப்போகும் பைபோன்ற வலையான இழுவைமடியில் சிக்கிச் செத்த ஆமைகள் மறு பக்கம். இழுவைமடியில் ஆமை விலக்கி பொருத்தப்பட்டதும், கரைக்காவல் தொடர்ந்ததும் சேர்ந்து, 2009-இல் மெக்சிகோவில் கூடுகள் 20,000-ஐத் தாண்டின. அந்த வேகம் அதன்பின் நீடிக்கவில்லை என்பது வருத்தம்.

ஆமை விலக்கி என்பது மடியின் கழுத்தில் சாய்வாக நிறுத்தும் கம்பிச் சட்டமும் அதன் பக்கத்தில் ஒரு திறப்பும்தான். இறாலும் மீனும் கம்பி இடுக்கு வழியாகப் பின்னால் போகும். ஆமை கம்பியில் மோதித் திறப்பு வழியே வெளியேறும். மூச்சை நெடுநேரம் அடக்கக்கூடிய உயிர்தான் ஆமை. ஆனால் வலையில் போராடும்போது அந்த நேரம் வெகுவாகச் சுருங்கி, மூழ்கிச் சாகிறது. கடலுக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: வலையில் அசைவில்லாமல் வந்த ஆமை செத்துவிட்டது என்று உடனே தூக்கி எறிய வேண்டாம். மயக்கமாக இருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பகுதியை 15 சென்டிமீட்டராவது உயர்த்தி வைத்தால் நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும். ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் தூண்டில் கயிற்றை இழுக்கவே கூடாது, குடல் கிழியும்.

மற்ற ஆபத்துகள் ஒரே வீட்டாரின் கைக்கு அடங்காதவை. மணலின் சூடுதான் குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது; சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும், அதற்கு மேல் ஏற ஏறப் பெண்களே. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, குடலில் 14 துண்டுகள் சேர்ந்தாலே ஆமை அதனால் சாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறது அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு. அழுங்காமையை ஓட்டுக்காகக் கொன்று குவித்ததால் அது இன்றும் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ஆனாலும், பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பச்சை ஆமையை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலிருந்து, கவலை குறைந்தவற்றின் வரிசைக்குப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025 அக்டோபரில் மாற்றியது. எல்லா இடத்திலும் அவை பெருகிவிடவில்லை. ஆனால் உலக அளவில் கூடியிருக்கின்றன. கரைக்காவல், வேட்டைத் தடை, வலையில் மாற்றம் எல்லாமே பல பத்தாண்டுகள் தொடர்ந்ததன் விளைவு அது. மேலே சொன்ன ஆபத்துகளில் அன்றிரவே முழுதாக நிறுத்திவிடக்கூடியது விளக்கு ஒன்றுதான். அது உங்கள் கையில் இருக்கிறது.

எனவே அடுத்த பருவத்துக்கு முன்பே கடல் பக்க விளக்குகளை மாற்றிவிடுங்கள். தாழ்வாகப் பொருத்தி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மறைப்பு போட்டு, 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆம்பர் (செம்மஞ்சள்) அல்லது சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். மஞ்சளாகத் தெரியும் விளக்கிலெல்லாம் நீலம் இல்லை என்று சொல்ல முடியாது. பெட்டியில் அலைநீளம் பார்த்தே வாங்க வேண்டும். வீட்டருகே தாய் ஆமை ஏறிய தடம் தெரிந்தால் அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். 45-ஆம் நாளிலிருந்து இரவு முழுக்கக் கடல் பக்கம் இருட்டாக இருக்கட்டும். குஞ்சுகள் வெளியேறிய மறுநாளே விளக்கைப் போட்டுவிடாதீர்கள். பின்தங்கியவை அடுத்த சில இரவுகளிலும் வரும்.