வரைபடத்தில் இருக்கும் பாதையெல்லாம் பைக் போகும் பாதையா?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதைகள் நிறையத் தெரிகின்றன. எதில் ஓட்டலாம்? (ஈரோடு வாசகர்)

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். அரசின் இ-சேவைத் தளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடு கிடைக்கும். அதில் 'வண்டிப்பாதை' என்று புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் தைரியமாகப் போகலாம். சர்வே எண் தெரியவில்லையா, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். எஸ்டேட் பட்டா என்றால் மேனேஜர் சம்மதம் வேண்டும். கேட் திறந்து கிடக்கிறது என்று நுழைந்துவிடக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. வண்டிப்பாதையே ஆனாலும் மழை பெய்த மறுநாள் வேண்டாம். போன ஜூனில் நான்கைந்து பைக்குகள் போன தடத்தைப் பார்த்தேன். கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. ஓரத்தில் தேயிலைச் செடியின் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் கொழுந்து மூட்டையோடு வந்த அம்மா ஒருவர், கால் வைக்க இடமில்லாமல் செடிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். அவருக்கு அது தினமும் வேலைக்குப் போகும் வழி. எனக்கு மனசே ஆறவில்லை.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குப் பழைய ரோடு இருக்கிறதாமே? (மதுரை வாசகர்)

இருந்தது. 1990லேயே போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். 2013இல் அந்தக் காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்துவிட்டது. பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். "நண்பர் போய் வந்தார்" என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா? (சென்னை வாசகர்)

வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவு, பயங்கரச் சரிவு. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் எத்தனையோ விபத்துகள். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போங்கள். அப்படியே பந்திப்பூர் பக்கம் தாண்டுவதென்றால் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். அப்புறம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள்.

காட்டுக்குள் நுழையாமல் கிராமத்து வழியாக ஒரு நாள் ஓட்ட கொடைக்கானலில் எந்தப் பக்கம் நல்லது? (திண்டுக்கல் வாசகர்)

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. மேல்மலையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அரசுப் பேருந்து ஓடுகிற சாலை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் வயல்களில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளைகிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பாருங்கள். மன்னவனூர் புல்வெளி எவ்வளவு ஆசை காட்டினாலும் சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம். ஒருமுறை பெயர்ந்த புல் லேசில் முளைக்காது. கிளாவரையில் ரோடு முடிந்துவிடும். டீ குடித்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். பனி இறங்கிவிட்டால் வளைவில் நிற்கும் காட்டுமாடு பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது.