நெல்லைக் குளங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது சூழலைக் காக்க என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நெல்லைச் சீமையில் ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர்தான் பெரும்பாலும் அடுத்த குளத்துக்கு வரத்து. சாலை கடக்கும் அந்த ஓடை சித்திரையில் அளந்தால் வெறும் பள்ளமாகத் தெரியும், சாலைக்கு அடியில் 90 செ.மீ. குழாய் ஒன்றைப் பதித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐப்பசி மழையில் அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) சீமைக்கருவேல முள்ளும் குழாய் வாயை அடைக்கும். மேலே வயல் மூழ்கும், கீழ்க்குளம் காயும். கொடுமை அது! ஆகவே மழைக்காலத்தில் ஒருமுறை ஆய்வு செய்து, குழாய்க்குப் பதில் பெட்டி வடிவச் சிறுபாலமாகக் கட்டுங்கள். அடித்தளத்தை ஓடைப் படுகைக்கு 30 செ.மீ. கீழே இறக்கி, அதன்மேல் படுகை மட்டம்வரை மண் நிரப்பினால் மீனும் ஆமையும் கடக்கும். கீரிக்கு ஓரத்தில் உலர்ந்த திட்டு வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கம் என்றால், பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் இரைச்சலான வேலை கூடாது. இவை ஒவ்வொன்றும் ஒப்பந்தப் பட்டியலில் அளவோடும் விலையோடும் தனி இனமாக வர வேண்டும். ‘சூழல் பாதுகாப்பு’ என்று ஒரே வரியில் எழுதினால் ஒப்பந்தக்காரர் அதைத் தொடவே மாட்டார்.