நேவிகேட்டர் திரையில் வேகம் ஏன் குறைவாகத் தெரிகிறது?

டாஷ்போர்டு முள் 100-ல் நிற்கும்போது நேவிகேட்டர் திரை 94 காட்டுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். திறந்த வெளியில், சீரான வேகத்தில் போகும்போது திரையைத்தான் நம்ப வேண்டும்.

காரில் பழுது ஏதும் இல்லை. வேகமானி, சக்கரம் சுழல்வதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. டயர் தேய்ந்தாலோ வேறு அளவு டயர் மாட்டினாலோ அந்தக் கணக்கு மாறும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் 10 சதவீதம், அதற்கு மேல் மணிக்கு 4 கி.மீ. வரை. தயாரிப்பாளர்கள் வம்பு எதற்கு என்று சற்றுக் கூட்டியே வைத்துவிடுகிறார்கள்.

நேவிகேட்டருக்கு டயரைப் பற்றிக் கவலையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னலில் ஏற்படும் டாப்ளர் மாற்றமே, அதாவது நகர்வதால் சிக்னலின் அலைவெண் மாறுவதே, அதற்குப் போதும். ஆனால் சட்டென்று பிரேக் பிடித்தால் எண் ஒரு கணம் பின்தங்கும். சுரங்கப்பாதைக்குள் சிக்னலே இருக்காது. அங்கே அம்புக்குறி நகர்ந்தால் அது பெரும்பாலும் ஊகம்தான்.

நேவிகேட்டர் திரையில் சிவப்பு வளையத்துக்குள் இருக்கும் எண் உங்கள் வேகமல்ல, அந்தச் சாலையின் வேக வரம்பு. தனி நேவிகேட்டர் கருவிகளில் அது பெரும்பாலும் வரைபடத்திலிருந்து வருவது. வரைபடம் பழையது என்றால் சாலையோரப் பலகை சொல்வதே செல்லும்.