பரணில் கிடைத்த துரையின் துப்பாக்கி

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். என் தாத்தா தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அவருடைய பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணில் சாக்கில் சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது என்கிறார்கள். முழுக்கத் துருப்பிடித்திருக்கிறது. என் மாமாவிடம் இதைப்போல் இன்னும் இரண்டு இருக்கின்றன. எனக்கே தந்துவிடுவதாகச் சொல்கிறார். 1898க்கு முன் செய்த துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று படித்தேன். மூன்றையும் பழம்பொருளாகச் சேர்த்து வைக்க எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: ஐயா, விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்போம். மாமாவின் துப்பாக்கிகளை உங்கள் வீட்டு வாசற்படி ஏற விடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, அனுமதியின்றி ஒரு துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் நீங்கள் துப்பாக்கி கடத்துபவர் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அது தூக்கு வரை போகக்கூடிய குற்றம். அந்த அனுமானத்தை முறியடிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். மாமா அன்பாகத் தரும் இரண்டோடு உங்களுடையதும் சேர்ந்தால் கணக்கு மூன்று.

நீங்கள் படித்த 1898 கணக்கு அமெரிக்காவினுடையது. அங்கே 1968இல் வந்த சட்டத்தில் இருப்பது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் எது என்று சொல்லும் இடத்தில் வயதைக் கேட்பதில்லை. சுட முடியுமா, சுடும்படி மாற்ற முடியுமா என்றுதான் கேட்கிறது. கழற்றி வைத்த குழல்கூட அந்த வரையறைக்குள் வந்துவிடும். ஆகவே துருவை நம்பாதீர்கள்.

தாத்தாவுக்கு லைசன்ஸ் இருந்ததா என்று அவருடைய பெட்டியில் தேடுங்கள். இருந்திருந்தாலும் அது அவருக்கு மட்டுமே உரியது. காசுமாலைபோலப் பேரனுக்கு இறங்கி வராது. ஆனால் துப்பாக்கி எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி. 1948 ஜூனில் உங்கள் ஊர்த் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலமே பிறந்தது. அந்தக் காலத்துத் துரை பங்களாவில் துப்பாக்கி இருந்தது என்றால் எந்த அதிகாரியும் வியக்கமாட்டார்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கியைத் துடைக்காதீர்கள், படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முக்கியமாக, மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். வழியில் சாலைத் தடுப்பில் மாட்டினால் உங்கள் நல்லெண்ணத்தை யார் கேட்பார்கள்? அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இன்றைக்கே ஒரு வழக்கறிஞருடன் வெறுங்கையோடு மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போய், எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்று புகார் எழுதுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கே வராது என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் ஒளித்து வைத்துப் பிடிபட்டவருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு தாளில்தான் இருக்கும்.

லைசன்ஸ் கேட்பது அதற்குப் பிறகுதான். கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. பன்றி விரட்டப் பயிர்க்காவல் என்றால் அவருக்குப் புரியும். சேகரிக்கும் ஆசை என்றால் எடுபடுவது கடினம் என்பது என் கருத்து. தாத்தாவின் நினைவு அழியக்கூடாது என்பதுதான் உங்கள் எண்ணமென்றால், தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு அனுப்பிவைக்க முடியுமா என்று போலீஸிடமே எழுத்துமூலம் கேளுங்கள்.

மாமாவையும் உடன் அழைத்துப் போங்கள். அவரிடம் இருப்பவை இரண்டு. வேறெங்கோ மூன்றாவது ஒன்று இல்லை என்பதை வழக்கறிஞர் முன்னிலையில் அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.