ஆட்டுப்பால்

வணக்கம் ஐயா,

எனக்கு நாற்பது வயதாகிறது. அப்பா போன பிறகு, எது சரி, எது தவறு என்று கேட்க வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. கோயில் குளத்திலும் மனம் ஒட்டவில்லை. ஆறு மாதம் யோசித்து எனக்கென்று பதினொரு விதிகளை டைரியில் எழுதிக்கொண்டேன். லஞ்சம் கொடுப்பதில்லை, கோபத்தில் பதில் எழுதுவதில்லை, ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வதில்லை, இப்படி. பொங்கலன்று அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ஆசிரமம் திறப்பு விழா எப்போது?" என்று அண்ணன் கேட்டார். "பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இதை யாருக்கும் அனுப்புவதில்லை" என்றாள் மனைவி. சொந்த அறத்தை வெளியே சொல்வது அவ்வளவு அபத்தமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் செய்த உதவியை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு நண்பர் செய்தார்.

பிராங்க்ளின் பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த இளம் வயதில் உங்களைப் போலவே ஒரு பட்டியல் போட்டார். சின்ன நோட்டுப் புத்தகம், சிவப்பு மையில் கட்டங்கள், நாளுக்கு ஒரு பத்தி, தவறு செய்தால் கறுப்புப் புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. பிறகு அழித்து எழுத வசதியாகத் தந்தத் தகடுகளுக்கு மாறினார். முதலில் பட்டியலில் இருந்தவை பன்னிரண்டு குணங்கள். "உனக்குத் தலைக்கனம் என்று ஊரே நினைக்கிறது" என்ற பொருளில் அந்த நண்பர் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. தனியே உட்கார்ந்து எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் அது அவருக்குத் தோன்றியிருக்காது. பணிவில் தான் உண்மையாக வென்றதாகச் சொல்ல முடியாது, தோற்றத்தில் நன்றாகவே வென்றேன் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆகவே வெளியே சொல்வதில் தவறில்லை. ஆனால் நீங்கள் அனுப்பியது விதிகளை மட்டும். அதைப் படிக்கிறவருக்கு அது தனக்கு வைத்த குட்டு மாதிரிதான் இருக்கும். உங்கள் அண்ணனுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

காந்தி 1912இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமையும் அதற்கு ஒரு காரணம். 1918இல், முதல் உலகப் போரின்போது, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்க்க அலைந்தவருக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. பால் குடிக்காவிட்டால் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். விரதத்தை முறிக்க முடியாது என்றார் காந்தி. பசு, எருமைப் பாலைத்தானே விட்டீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று பக்கத்தில் இருந்த கஸ்தூர்பா கேட்டார். காந்தி குடித்தார்.

இத்தோடு விட்டிருந்தால் அது வக்கீல் சாமர்த்தியம். அவர் விடவில்லை. சபதம் எடுத்தபோது என் மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தான், ஆனால் சபதத்தின் உயிர் எல்லாப் பாலையும் சேர்த்ததுதான், வாழும் ஆசை என்னை வென்றுவிட்டது என்று தன் வரலாற்றிலேயே எழுதி வைத்தார். அவருடைய விரதப் பட்டியலை நான் பலமுறை படித்து மறந்திருக்கிறேன். ஆட்டுப்பால் மறக்கவில்லை.

காரணம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. லஞ்சம் கொடுப்பதில்லை என்பது என் விதியும்தான். அப்பா இறந்த பிறகு ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். ஐந்தாவது முறை, வாசலில் மர மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர், "ஐநூறு கொடுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கொடுத்தேன். மறுநாள் சான்றிதழ் கைக்கு வந்தது. அதிகாரியிடமா கொடுத்தேன், எழுதியவருக்குக் கூலிதானே என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனு எழுதக் கூலி ஐம்பது ரூபாய் என்று அந்த மேசையிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

நீங்கள் அந்தப் பதினொன்றையும் தூக்கிப் போட வேண்டாம். குழுவுக்கு அனுப்பாமல், ஒரே ஒருவரிடம், அதுவும் உங்கள் சாக்குப்போக்குகள் தெரிந்தவரிடம், எந்த விதியை எப்போது, என்ன வார்த்தை சொல்லி மீறினீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டிலேயே தகுதியான ஆள் இருக்கிறார்.

நான் என் மகளிடம் சொன்னேன். கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "கூலி என்றால் ரசீது கொடுத்தாரா அப்பா?" என்றாள்.

அன்புடன்.